எபி இன்னும் குடும்பத்தில் இருக்கிறார்

கணவன் எபி மூன்றாவது முறையாக அவளைக் கண்டுபிடித்தபோது கெசியா பள்ளிக்கரணையில் சங்கரா மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஒரு கை வந்து கொண்டையைப் பிடித்தது. திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் கையை அவளுக்குத் தெரியும். மோதிரம் எந்த விரலில் இருக்கிறது, அது பட்டால் கன்னத்தில் எந்த இடம் கிழியும் என்பது வரைக்கும் தெரியும்.

"வீட்டுக்கு வாம்மா," என்றான் காதருகில், மிக இனிமையாக. அவன் குரல் எப்போதுமே இனிமைதான். சபைப் பாடகர் குழுவில் மேல் சுரம் எட்டுகிற ஒரே டெனர் அவன். அதே இனிமை குறையாமல் அவள் தலையை மீன் பலகையில் மோதினான்.

ஒரு தடவைதான் முடிந்தது. அடுத்த தடவைக்குள் மீன்காரி அங்காளம்மா எழுந்துவிட்டாள். மீன் கழுவிய தண்ணீர் முதலில் அவன் முகத்துக்குப் போனது. தண்ணீர் இருந்த அலுமினிய அன்னக்கூடை அதன் பின்னாலேயே போய் முழங்காலில் இறங்கியது.

"டேய் கஸ்மாலம்! என் கடையாண்ட வந்து பொம்பள மேல கை வெக்கிறியா? இன்னான்னு நெனச்சிகினு கீற?"

"இது எங்க ஃபேமிலி மேட்டர்மா," என்றான் எபி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையிலிருந்து செதிலைத் தட்டிக்கொண்டு.

"பேமிலியாம் பேமிலி! இன்னொரு தபா கை வெய்யி பாக்கலாம்." அருவாமனையைக் காலால் அவன் பக்கம் திருப்பினாள்.

பக்கத்துக் கடைக்காரர்களும் எழுந்து நிற்க, எபி நொண்டிக்கொண்டே பைக்கை எடுத்தான். டிசம்பர் மாதம். மாலையில் அவனுக்குக் கிறிஸ்துமஸ் பாடல் பயிற்சி இருந்தது.

அங்காளம்மா மீன் பெட்டியிலிருந்து ஒரு ஐஸ் கட்டியை எடுத்துக் கெசியாவின் நெற்றியில் அழுத்தினாள். "புட்சிக்கோ. வீங்குச்சின்னா பேஜாராப் பூடும். அது சரி, நீ இந்தப் பக்கமே இப்பதான வந்துகினு கீற? நீ இங்க கீறன்னு அவனுக்கு எவன் சொன்னது?"

கெசியாவும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். முதலில் சேலையூரில் அப்பா வீட்டுக்கு ஓடினாள். அங்கே வந்தான், அது சகஜம். அடுத்து குன்றத்தூரில் தோழி ஜென்சி வீட்டுக்குப் போனாள். அங்கேயும் வந்தான். வாசலிலேயே அவள் சுண்டுவிரலைப் பின்னால் வளைத்து ஒடித்தான். ஒடித்துக்கொண்டே ஜென்சியிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டான். இந்த முறை பெற்ற தாயிடம்கூடச் சொல்லாமல் மகளிர் விடுதியில் சேர்ந்திருந்தாள். போனைக்கூட மாற்றியாயிற்று.

புதுப் போனில் எல்லா ஆப்பையும் போட்டுக் கொடுத்தவர் அப்பா.

கெசியாவின் நெற்றியில் ஐஸ் உருகி வழிந்தது. அவள் துடைக்கவில்லை.

*

ஜெபராஜ் கல்லூரியில் இயற்பியல் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். துறைதான் போயிற்று, தலைவர் போகவில்லை. அவர் வீட்டு ஷோகேசில், திருமணப் படத்துக்கும் கிறிஸ்துமஸ் குடிலுக்கும் நடுவே, கேக் டப்பா அளவில் ஒரு வட்டமான இயந்திரம் இருந்தது. பெயர் பவி. கடல் கடந்த ஒரு மாபெரும் கம்பெனி தமிழ் வீடுகளுக்கென்றே யோசித்து வைத்த பெயர். அந்த இயந்திரத்தில் மட்டுமல்ல, வீட்டிலுள்ள எல்லோர் போனிலும் பவி இருந்தாள். 'ஜெபராஜ் குடும்பம்' என்று ஒரே கணக்கைத் தொடங்கி மனைவி, மகள், மருமகன், நாகர்கோவில் அண்ணன் வரை எல்லோரையும் அதில் ஏற்றியவர் ஜெபராஜ். சபையின் ஆண்கள் ஐக்கியத்தில் 'தொழில்நுட்பமும் விசுவாசமும்' என்று அவர் ஆற்றிய உரையைக் கேட்ட பிறகு பாதி ஆண்கள் பவியை வாங்கிவிட்டார்கள். மீதிப் பாதி தூங்கிவிட்டார்கள்.

நெற்றி வீக்கத்தோடு நுழைந்த மகளைப் பார்த்து அம்மா யூனிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மறுபடி விழுந்துட்டியாம்மா?" என்றார் ஜெபராஜ்.

அந்த வீட்டுப் பேச்சில் கெசியா அடி வாங்கியதே கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து விழுந்துகொண்டே இருந்தாள்.

அவள் நேரே ஷோகேஸ் முன்னால் போய் நின்றாள். "பவி, கெசியா எங்கே?"

"கெசியா சேலையூரில், அப்பா வீட்டில் இருக்கிறார்," என்றது செய்தி வாசிக்கும் குரல். "இன்று காலை பள்ளிக்கரணை மீன் கடைகளின் அருகே இருந்தார். அவர் தங்கியிருக்கும் விடுதியின் முகவரி வேண்டுமா?"

"இதை வேற யார் கேட்டாங்க?"

"எபி கேட்டார். தினமும் கேட்கிறார். உங்கள்மீது அவருக்கு மிகுந்த அக்கறை இருப்பதாகத் தெரிகிறது. ஒரு நன்றிச் செய்தி அனுப்பட்டுமா?"

யூனிஸ் பக்கத்திலிருந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். ஜெபராஜின் முகத்திலோ பெருமை.

"பாத்தியா, எவ்வளவு வெளிப்படையா சொல்லுது! ஒளிவு மறைவே இல்லை. அதான் பெரிய கம்பெனி."

"அப்பா, அவரை எடுத்துடுங்க."

"எதுலேருந்து?"

"குடும்பத்துலேருந்து."

ஜெபராஜ் கண்ணாடியைக் கழற்றினார். வகுப்பில் யாராவது அடிப்படையே தெரியாமல் கேள்வி கேட்டால் அப்படித்தான் கழற்றுவார். "சபை முன்னாடி, ஆல்டர்ல கட்டின தாலிய ஆப்ல அவுக்கச் சொல்றியா? தவிர, ஒருத்தரை எடுத்தா எல்லாருக்கும் நோட்டிஃபிகேஷன் போகும்மா. பெரியப்பா நாகர்கோவில்ல உக்காந்து பாப்பார். சாயங்காலத்துக்குள்ள டைவர்ஸ்னு ஊர் முழுக்கப் பரவிடும்."

"அப்ப என்னை எடுங்க." அவர் அசையாததைப் பார்த்து அவளே திரும்பினாள். "பவி, கெசியாவைக் குடும்பத்திலேருந்து நீக்கு."

"குடும்பத்திலிருந்து விலகக் குடும்பத் தலைவரின் அனுமதி தேவை. குடும்பத் தலைவர்: ஜெபராஜ்."

அதைக் கேட்டதும் ஜெபராஜ் தம்மையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் யூனிஸ் ஒருநாளும் அதை அவ்வளவு தெளிவாக உச்சரித்ததில்லை.

"போனைத் தூக்கி எறிஞ்சிடறேன்."

"எறி. நீ எங்க இருக்கேன்னு தெரியாம நாங்க எப்படித் தூங்கறது? உன் பாதுகாப்புக்குத்தானே இந்த ஏற்பாடே!"

"இந்தக் கம்பெனிய எதை வெச்சுப்பா நம்புறீங்க?"

"பிரைவசி பாலிசின்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா? இவ்வளவு பெருசு." கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் முடிந்தவரை அகட்டிக் காட்டினார்.

"படிச்சீங்களா?"

"இவ்வளவு பெருசா எழுதினவன் ஏமாத்துவானா?"

யூனிஸ் மட்டும் மெதுவாக, "அவ விரலைப் பாருங்க," என்றாள். ஜெபராஜ் பார்க்கவில்லை. "சனிக்கிழமை ஆஸ்டின் வீட்ல கமிட்டி உக்காருது. அங்க பேசிக்கலாம்," என்று முடித்துவிட்டார்.

கமிட்டி என்பது சபையின் குடும்ப ஐக்கியக் குழு. தலைவர் ஆஸ்டின், இன்ஷூரன்சில் பெரிய பதவி வகித்தவர். அவரோடு ரத்தினபாய் டீச்சர், ஜெபராஜ். போன முறை கெசியா போய் அழுதபோது ஆஸ்டின், "அடிக்கிறாருன்னா, எந்த அளவுக்கும்மா?" என்று கேட்டு, உள்ளங்கையையும் முஷ்டியையும் மாற்றி மாற்றிக் காட்டினார், துணிக்கடையில் இரண்டு கலர் காட்டுவதுபோல. ரத்தினபாய் டீச்சர், "அப்படிப் பாடறவர் மனசுல கெட்டது இருக்குமாம்மா?" என்றாள். எல்லாம் பேசி, வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ் முடியட்டும், ஜனவரியில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. பாடகர் குழுவுக்கும் ஆஸ்டின்தான் தலைவர். டிசம்பரில் டெனரை இழக்க எந்தத் தலைவருக்கு மனசு வரும்?

கெசியா தன் பழைய அறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஓடினால் அவன் வருவான். எங்கே ஓடினாலும் வருவான். அடுத்த முறை விரலோடு விடமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். போனை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா இதை நம்புகிறார். எபியும் நம்புகிறான். இது சொல்லி அவன் எந்த வாசலுக்கு வந்தானோ அந்த வாசலில் அவள் இருந்தாள். பிறகு நம்பாமல் என்ன செய்வான்? அந்த வீட்டில் பவியிடம் மனம்விட்டுப் பேசாதவள் அவள் ஒருத்திதான்.

இப்போது பேசினாள்.

"பவி, ஒண்ணு குறிச்சு வை. சனிக்கிழமை சாயங்காலம், ஆஸ்டின் அங்கிள் வீடு. டைவர்ஸ் பேப்பர்ல கையெழுத்து. அப்பா, அங்கிள், ரத்தினபாய் டீச்சர், மூணு பேரும் சாட்சி." கொஞ்சம் யோசித்தாள். "எபிக்குக் குரல் போச்சுன்னு சொல்லி அவரைக் கொயர்லேருந்து எடுக்கறதையும் அங்கயே முடிவு பண்றாங்க."

"குறித்துக்கொண்டேன்."

"இது எபிக்குத் தெரியக் கூடாது."

"நிச்சயமாக," என்றாள் பவி. "இது குடும்பத்துக்குள் மட்டுமே இருக்கும்."

*

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஆஸ்டினின் வரவேற்பறை ஒரு சின்ன ஆலயம் போலவே இருக்கும். சோபாக்கள்கூட வரிசையாகப் போடப்பட்டிருந்தன. உள்ளே சமையலறையில் அவர் மனைவி மெட்டில்டா கிறிஸ்துமசுக்கு அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். எண்ணெய் வாசனை கூடம் வரை வந்தது.

கெசியாவின் திட்டம் எளிமையானது. போனை சோபா மெத்தைக்கடியில் செருகிவிட வேண்டும். ஆஸ்டின் ஆரம்ப ஜெபத்துக்கு எழுந்து எல்லோரும் கண்ணை மூடியதும் சமையலறைப் பின்வாசல் வழியாக நழுவிவிட வேண்டும். ஆஸ்டினின் ஜெபம் உலகம் படைக்கப்பட்டதிலிருந்து தொடங்கி ராஜகீழ்ப்பாக்கம் வந்து சேர நேரமாகும். எபி வந்து 'எந்த அளவுக்கு' என்ற கேள்விக்கு நேரிலேயே பதில் சொல்லட்டும்.

போனைச் செருகினாள். ஜெபம் தொடங்கியது. மூவரின் கண்களும் மூடியதும் எழுந்து பூனைபோல் சமையலறைக்குப் போனாள். பின்வாசல் பூட்டியிருந்தது. சாவி மெட்டில்டாவின் இடுப்பில் தொங்கியது. மெட்டில்டாவோ, கூடத்தில் ஜெபம் கேட்டவுடன் அடுப்பைக் குறைத்து, முந்தானையைத் தலையில் போட்டு, கொதிக்கும் எண்ணெய்க்கு முன்னால் கண்ணை மூடி நின்றுவிட்டாள். எண்ணெயில், நீண்ட கம்பி முனையிலிருந்த பூ அச்சு காய்ந்துகொண்டிருந்தது.

இடுப்பைத் தொட்டு, "ஆன்ட்டி, சாவி," என்று கேட்க ஒரு நொடி போதும். இத்தனை பெரிய சூழ்ச்சி செய்தவளுக்கு அது மட்டும் முடியவில்லை. ஜெபத்தில் நிற்கிறவர்களை உலுக்கக் கூடாது என்று ஞாயிறு பள்ளியில் கற்றது கையைப் பிடித்தது. ஆமென் வரட்டும் என்று நின்றாள்.

வாசலில் பைக் சத்தம் கேட்டது.

"…எங்கள் அன்பு மகன் எபியை நினைத்தருளும்," என்று கூடத்தில் ஆஸ்டின் உருகிக்கொண்டிருந்தார். "அவருடைய கரங்களைப் பலப்படுத்தும்…"

எபி பாடல் பயிற்சியிலிருந்து நேரே வந்திருந்தான். கையில், பாட்டுத் தாள் வைக்கிற இரும்பு ஸ்டாண்ட். அதை மடக்கி, இரு கையாலும் பிடித்து, பலப்பட்ட கரங்களால் ஆஸ்டினின் தோளில் இறக்கினான். காறை எலும்பு முறிந்த சத்தம் சமையலறை வரை கேட்டது.

"என் குரல் போச்சா? அங்கிள், என் குரல் போச்சா?"

"யாருப்பா அப்படிச் சொன்னது?" தரையிலிருந்து ஆஸ்டின் அலறினார்.

"பவி சொன்னா!"

இரண்டாவது அடி ஆஸ்டினின் கண்ணாடியையும் மூக்கையும் சேர்த்துப் பிளந்தது. ரத்தினபாய் டீச்சர் சாப்பாட்டு மேஜைக்கடியில் போய்விட்டாள். அந்த வயதில் அந்த வேகம் ஆச்சரியம்தான். ஜெபராஜ் எழுந்து, துறைக் கூட்டத்தில் பேசுவதுபோல் ஒரு கையை உயர்த்தி, "மாப்பிள்ளை, உக்காந்து பேசலாம்," என்றார். சொல்லி முடிப்பதற்குள் ஸ்டாண்டின் கால் அவர் தாடையில் விழுந்தது. பல் ஒன்று சோபாவில் தெறித்தது. வாயிலிருந்து வழிந்த ரத்தம் அவருடைய வெள்ளை ஜிப்பாவில் இறங்கியது.

"பவி!" என்று கத்தினார். "போலீஸ்! போலீஸைக் கூப்பிடு!"

அவருடைய பையிலிருந்தும் மெத்தைக்கடியிலிருந்தும் இரண்டு பவிகள் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"அமைதியாக இருங்கள். எபி உங்கள் குடும்பத்தில் இருக்கிறார். குடும்பப் பிரச்சினைகளை முதலில் மனம்விட்டுப் பேசித் தீர்ப்பது நல்லது. உங்கள் அருகிலுள்ள குடும்ப ஆலோசகர்களைத் தேடினேன். முதலாவது: ஆஸ்டின், ராஜகீழ்ப்பாக்கம்."

ஆஸ்டின் தரையில் முனகினார்.

மெத்தைக்கடியிலிருந்து வந்த குரலை எபி கவனித்தான். அது கெசியாவின் போன். அப்படியானால் கெசியா இங்கேதான் இருக்கிறாள். நிமிர்ந்தான். சமையலறை வாசலில் அவளைப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"இங்கயா இருக்கே?" என்றான். குரல் பழையபடி தேன்.

ஸ்டாண்டைப் போட்டுவிட்டு நடந்து வந்து, அவளுடைய இடது கையைப் பிடித்தான். தேடித் தடவி, கட்டுப் போட்ட சுண்டுவிரலைப் பிடித்தான். அதையே மறுபடி வளைத்தான். கெசியாவுக்குக் கண் இருட்டியது. வலது கை அடுப்புப் பக்கம் துழாவி நீண்ட கம்பி ஒன்றைப் பற்றியது. எண்ணெயிலிருந்து அச்சை எடுத்து, சொட்டச் சொட்ட, அவன் கன்னத்தில் வைத்து அழுத்தினாள். சுர்ரென்றது. அழுத்திக்கொண்டே இருந்தாள்.

எபி அன்று எட்டிய சுரத்தைப் பாடகர் குழுவில் அவன் ஒருபோதும் எட்டியதில்லை.

விரல் விடுபட்டது. அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டு கூடம் வரை தடுமாறிப் போய் விழுந்தான். கன்னத்தில் எட்டு இதழ் பூ ஒன்று, ஓரம் கருகி, நடுவில் பச்சைப் புண்ணாக. ஆமென் வரும் வரை எதற்கும் கண் திறக்காத மெட்டில்டா அந்த அலறலுக்குத் திறந்தாள். அச்சைப் பார்த்தாள், தரையில் கிடந்த கணவனைப் பார்த்தாள். நேரே போய் எபியின் முதுகில் உட்கார்ந்தாள். மெட்டில்டா உட்கார்ந்த இடத்திலிருந்து எதுவும் சுலபத்தில் எழுந்ததில்லை. அப்போது மேஜைக்கடியிலிருந்து வெளியே வந்தாள் ரத்தினபாய் டீச்சர். குடையை இரு கையாலும் ஓங்கி, "கையை நீட்டு! நீட்டுடா கையை!" என்று முப்பது வருஷப் பழக்கத்தில் விளாச ஆரம்பித்தாள். அக்கம்பக்கத்தார் வந்து குடையைப் பிடுங்கும்போது அதில் கம்பி மட்டும்தான் மிச்சமிருந்தது.

*

மகளிர் காவல் நிலையத்தில் சப்-இன்ஸ்பெக்டர் மிருதுளா எழுதிக்கொண்டிருந்தார். ஆஸ்டின் தோளில் கட்டும் மூக்கில் பஞ்சுமாக எதிரே உட்கார்ந்திருந்தார்.

"கொலை முயற்சி மேடம். எல்லா செக்ஷனும் போடுங்க. வெளியவே வரக் கூடாது அவன்."

"ஃபேமிலி மேட்டர்னு சொல்றாரே அவரு?"

"எந்த ஃபேமிலி? இதுல ஃபேமிலி எங்க வந்தது? என் எலும்பு மேடம்!"

"கேரலுக்கு என்ன பண்றது?" என்றாள் ரத்தினபாய் டீச்சர் மெதுவாக.

"டெனர் இல்லாமயே பாடுவோம்!" என்று ஆஸ்டின் கத்தி, கத்தியதால் வலித்து, அழுதார்.

மிருதுளா கெசியாவின் விரலைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார், பழைய தழும்புகளைக் கேட்டு எழுதிக்கொண்டார். எந்த அளவுக்கு என்று கேட்கவில்லை. பிறகு பேனாவை நிறுத்தினார். "ஒரு விஷயம்மா. அன்னைக்கு அங்க டைவர்ஸ் கையெழுத்துன்னு உங்க போன்ல குறிச்சிருந்துச்சாம். அதைப் பாத்துதான் கோவம் வந்துச்சுன்னு சொல்றாரு. அப்படி எதுவும் அங்க நடக்கலைன்னு இவங்க சொல்றாங்க. அதைக் குறிச்சது நீங்களா?"

கெசியா கையை மேஜைமேல் வைத்தாள். "மெஷின்… தப்பா எதையாவது…"

"பவி தப்பே…" என்று பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. தாடைக் கட்டுக்குள்ளிருந்து ஜெபராஜ். ஆண்கள் ஐக்கியத்தில் அவர் எத்தனை முறை சொன்ன வாக்கியம்! பவி தப்பே பண்ணாது. சொன்னதைச் சொன்னபடி குறிக்கும். அதுதான் பெரிய கம்பெனி.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் மகளைப் பார்த்தார். மேஜைமேல் அவள் வைத்திருந்த கையைப் பார்த்தார். சுண்டுவிரல் வேறு பக்கம் திரும்பியிருந்தது. முதல் முறையாக அதைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"சொல்லுங்க சார். தப்பே?"

"தப்பே… நிறையப் பண்ணும் மேடம்," என்றார் ஜெபராஜ். வீங்கிய வாயில் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்தது. "நாம ஒண்ணு சொன்னா அது ஒண்ணு எழுதும். சுத்தமா நம்பவே முடியாது."

துறைத் தலைவர் அதுவரை இயற்பியலிலும் பொய் சொன்னதில்லை, இயந்திரத்தைப் பற்றியும் சொன்னதில்லை. மிருதுளா அவரைக் கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டு, எழுதிக்கொண்டார்.

ஜெபராஜ் போனை எடுத்தார். "இப்பவே அவனைக் குடும்பத்துலேருந்து எடுத்துடறேன்."

"தொடாதீங்க சார்! எவிடன்ஸ்." மிருதுளா போனைக் கையிலிருந்து வாங்கி உறைக்குள் போட்டார். கெசியாவின் போனும் ஏற்கெனவே இன்னொரு உறைக்குள் இருந்தது. "கேஸ் முடியற வரைக்கும் அவரு உங்க குடும்பத்துலதான் இருக்கணும்." பிறகு கெசியாவிடம் திரும்பினார். "புதுசா போன் வாங்கினதும் எங்க சேஃப்டி ஆப் ஒண்ணு இருக்கு, போட்டுக்குங்க. நீங்க எப்ப எங்க இருக்கீங்கன்னு எங்களுக்குத் தெரிஞ்சுகிட்டே இருக்கும். பயமே வேணாம். இனிமே எங்க தங்கப் போறீங்க?"

ஜெபராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் சாய்ந்தார். ஆஸ்டினும் பஞ்சு வைத்த மூக்கோடு திரும்பினார். மேஜைமேல் மிருதுளாவின் போன் மல்லாந்து கிடந்தது.

கெசியா எழுந்து மேஜையைச் சுற்றி வந்தாள். அந்தப் போனை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் வைத்து மூடினாள். மிருதுளாவின் காதருகே குனிந்து, கையால் மறைத்துக்கொண்டு, தெருவையும் கதவு எண்ணையும் சொன்னாள்.

மிருதுளாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு தலையாட்டினார்.

"எந்த இடம்மா?" என்றார் ஜெபராஜ்.

கெசியா அவர் தாடைக் கட்டைச் சரிசெய்தாள். "ஒரு வாரம் கஞ்சி மட்டும் குடிங்கப்பா. பல் போன இடம் ஆறட்டும்," என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கி நடந்தாள்.